ஹோமோசிஸ்டீன் அதிகமா? சர்க்கரை நோயாளிகள் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை!

"ஏம்மா, நீ பத்திரிகையிலதானே இருக்க... இது என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி போனை நீட்டினார். மாடம்பாக்கத்தில் இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகிறார்கள்; மாலையே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ஆன்ட்டியின் ரிப்போர்ட்டில் ஒரு வரி சிவப்பு எழுத்தில் இருந்தது. ஹோமோசிஸ்டீன் 21.

'இதயத்துக்கு ஆபத்து' என்று எங்கோ படித்த மகன், அதிக டோஸ் பி வைட்டமின் மாத்திரையை ஆன்லைனில் ஆர்டரே போட்டுவிட்டார். ஆன்ட்டிக்கு வயது 58. சர்க்கரை வந்து 12 வருடம். அந்த மாத்திரையைப் போடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

நாம் சாப்பிடும் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை உடல் பயன்படுத்தும்போது இடையில் உருவாவதுதான் ஹோமோசிஸ்டீன். பி12, ஃபோலிக் அமிலம், பி6 போதுமான அளவு இருந்தால், அது வேறு பொருளாக மாறிவிடும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பான அளவு. அதற்கு மேல் போனால் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

சர்க்கரை நோயில் இது ஏன் ஏறுகிறது? கல்லீரலில் ஹோமோசிஸ்டீனை மாற்றும் நொதிகளை இன்சுலினும் கட்டுப்படுத்துகிறது. எனவே இன்சுலின் எதிர்ப்புதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல வரவில்லை. சிறுநீரகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. வடிகட்டும் திறன் குறையக் குறைய ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை நோயின் ஆரம்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டும். அப்போது ஹோமோசிஸ்டீன் குறைவாகக்கூட இருக்கலாம்!

மூன்றாவது காரணம், நம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். சுத்த சைவமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

சரி, வைட்டமின் போட்டால் குறையுமே? குறையும். சிக்கலே அங்குதான். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரிடம் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு தினமும் 2.5 மி.கி. ஃபோலிக் அமிலம், 25 மி.கி. பி6, 1 மி.கி. பி12 கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது. ஆனால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களின் சிறுநீரகம்தான் வேகமாகப் பழுதானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் இவர்களுக்கே அதிகம். இதைப் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

பி12 குறைவு உறுதியானவர்களுக்கு டாக்டர் தரும் ஊசியோ மாத்திரையோ வேறு விஷயம். ரிப்போர்ட்டில் சிவப்பைப் பார்த்ததும் நாமே ஆர்டர் போடுவதைத்தான் சொல்கிறேன்.

கிரியாட்டினின் நார்மல் என்பதால் மட்டும் நிம்மதியடையவும் முடியாது. சிறுநீரகம் பாதித் திறனை இழக்கும்வரைகூட அது நார்மலாகவே காட்டலாம். சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்ற சோதனைதான் முன்கூட்டியே சொல்லும். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 26.9% பேருக்கு இந்த ஆரம்பக் கசிவு இருந்தது. 2007-ல் வெளியான கணக்கு இது. நால்வரில் ஒருவர்!

ஆன்ட்டியின் நீளமான ரிப்போர்ட்டை இரண்டு முறை தேடினேன். விலை கூடுதலான ஹோமோசிஸ்டீன் இருந்தது. அந்தச் சிறுநீர் சோதனை இல்லை. மாத்திரை பார்சலைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை அதற்காகத் தாம்பரம் கிளம்பினார்.