தொட்டியில் நிற்கும் மரம் எது?

மாணவர்களே, தம்போய் என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று. ஒரு காட்டுப் பழமரத்தின் மலாய்ப் பெயரும் அதுவே. அந்த மரத்தை உங்களால் அடையாளம் காண முடியுமா? தொட்டியில் குட்டையாக நிற்கும் போன்சாய் என்றால் இன்னும் கடினம்.

போன்சாய் என்பது மர இனம் அன்று, வளர்க்கும் முறை. கிளையையும் வேரையும் கத்தரித்துச் சிறு தொட்டியில் வளர்ப்பதால் மரம் குட்டையாகிறது, இலையும் சிறுக்கிறது. மரபணு மாறுவதில்லை. எனவே, உயரத்தையும் இலையின் அளவையும் நம்பாதீர்கள். மாறாத அடையாளங்களைத் தேடுங்கள்.

நம் நாட்டுப் போன்சாய்களில் மூன்றைப் பார்ப்போம். மூன்றிலும் இலையைக் கிள்ளினால் பால் வடியும். அது கண்ணில் படக்கூடாது, கையைக் கழுவிவிடுங்கள்.

இலைகள் எதிரெதிரே இணையாக இருந்தால் அது அந்திங் புத்ரியாக இருக்கலாம். அதன் வெண்ணிற மணப்பூக்கள் காதணிபோல் தொங்கும். 'அந்திங்' என்றால் மலாயில் காதணிதானே!

இலைகள் மாறி மாறி அமைந்து வழுவழுப்பாக இருந்தால், நுனித் தளிருக்குக் கீழே தண்டைப் பாருங்கள். வளையம்போல் தழும்பு சுற்றியிருந்தால் அது அத்திக் குடும்பத்து ஜெஜாவியாக இருக்கலாம். மாறி மாறி அமைந்த இலை உப்புத்தாள்போல் சொரசொரத்தால் பராய் மரமா எனப் பாருங்கள்.

இன்னும் ஐயமா? பூக்கும்வரை காத்திருங்கள். போன்சாயில் இலை சிறுத்தாலும் பூ அவ்வளவாகச் சிறுப்பதில்லை. 1735இல் லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியதும் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணித்தான்.

பெயர் தெரிந்தால்தான் வெயிலும் நீரும் எவ்வளவு தேவை என்பது தெரியும். வெயில் விரும்பும் குளிர்நாட்டு ஜூனிப்பரை வரவேற்பறை மேசையில் வைத்தால், நாளடைவில் அது பட்டுப்போகும்.