ஆள் பார்ப்பதா, தாள் பார்ப்பதா?

மலேசியாவின் ஜித்ராவில் ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடுகிறது என்றால், அவர்களைப் பெரிய சொத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலோ, வெளியே வந்து லோரி ஓட்டிய காலத்திலோ வாங்கிப் போட்ட மலிவு விலை வீடாக அது இருக்கும். 1982இல் அரசாங்கம் அப்படிப்பட்ட வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை கட்டியது. 1998இல் மாற்றும் வரை அதுதான் கணக்கு. ஊழியர் சேமநிதியில் எடுத்தது கொஞ்சம், வங்கிக் கடன் மிச்சம் என்று வாங்கிய அந்த வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். வீடு சும்மா கிடந்தால் கறையான் அரிக்கும். அதனால் வேலியில் ஒரு போர்டு தொங்குகிறது. அந்த வாடகையை நம்பித்தான் அப்பாவின் மருந்துச் செலவும் நில வரியும் ஓடுகின்றன.

குடி வருபவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. 1984இல் தொடங்கிய உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தின் தற்காலிக வளாகம் ஜித்ராவை ஒட்டிய பண்டார் டாருல் அமானில்தான் இருந்தது. 1990இல் அது சிந்தோக்கில் நிலையாகக் குடியேறிவிட்டது, ஆனால் இங்கே போலிடெக்னிக் இருக்கிறது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வடக்கே போனால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை. சுங்கத்துறைக்காரர், குடிநுழைவு அதிகாரி, மாற்றலாகி வரும் ஆசிரியை, அலோர் ஸ்டாருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் குமாஸ்தா என்று கேட்டு வருகிறவர் பலவகை. சிக்கல் ஆள் கிடைப்பதில் இல்லை. கிடைத்த ஆளை எப்படி எடைபோடுவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். டெரஸ் வீடு ஒன்றை அறுநூறு வெள்ளிக்கு விடுகிறார். இளம் தம்பதி ஒன்று வீடு பார்க்க வந்தபோது நானும் கூட இருந்தேன்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"சுங்கைப் பட்டாணி, ஐயா."

"அங்க எந்தத் தோட்டம்? அப்பா பேரு?"

அப்பா பெயர் வந்தது. பெரியப்பா யார் என்று கேட்டார். எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்றார். 'தண்ணி' உண்டா என்பதை மட்டும் பக்கத்தில் இருந்தவரைப் பார்ப்பதுபோலக் கேட்டார். அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்தாள். கூரையின் நீர்க்கறையைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். விசாரணை ஒழுங்காக நடந்தது அவள் பக்கத்தில்தான். கிராணி ஐயா கேட்டவை எதிலும் மாதாமாதம் அறுநூறு வெள்ளி எங்கிருந்து வரும் என்ற கேள்வி இல்லை. பிறகு நான் கேட்டதற்கு, "சம்பளச் சீட்டைக் காட்டுன்னா, உன்னை நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே" என்றார்.

இதே கிராணி ஐயாவிடம் முன்பு குடியிருந்தவர் உறவுக்காரர் வழியாக வந்தவர். குலம் கோத்திரம் வரை தெரிந்த குடும்பம். சில மாதம் தேதி தவறாமல் கட்டினார், பிறகு பாதி, பிறகு "அடுத்த வாரம்". கடைசியில் ஓர் இரவு ஃபேன்களையும் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேர் தெரிந்த குடும்பம் என்பதால் புகார் கொடுக்கவும் கூச்சம். நமக்குத் தெரிந்தவர் என்பது வாடகை விஷயத்தில் பாதுகாப்பு என்பதைவிட வாயைக் கட்டும் கயிறாகவே பெரும்பாலும் ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஆனாலும் அவர் ஆள் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே விட்டுவிட்டால் பிறகு வெளியே அனுப்புவது எளிதல்ல. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2), தெளிவாகச் சொல்கிறது: வாடகைக்காலம் முடிந்தும் ஒருவர் வீட்டைக் காலி செய்யாமல் இருந்தால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவது, தண்ணீரை அடைப்பது, சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பது எல்லாம் வீட்டுக்காரரையே குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பாக்கிக்காக 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின் கீழ் ஜப்தி வாரண்ட் கேட்கலாம். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் வரையிலான பாக்கிதான் அதில் வரும். ஆனால் ஜப்தி செய்ய அந்த வீட்டில் ஒரு மேசையும் பழைய டிவியும்தானே இருக்கும்! காலம் முடிந்தும் தங்குகிறவரிடம் இரட்டை வாடகை கேட்கலாம் என்று 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் சொல்கிறது. ஒற்றை வாடகையே கட்டாதவரிடம் இரட்டை கேட்டு என்ன பயன் என்று கிராணி ஐயா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வழக்கறிஞரிடம் போனால் கட்டணமே பல மாத வாடகையை விழுங்கிவிடும். அதனால் எல்லா பயமும் வாசலிலேயே வந்து குவிகிறது. நுழைய விடுவதற்கு முன் எவ்வளவு பயப்பட முடியுமோ அவ்வளவு பயப்பட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பயம் முகத்தைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் அசிங்கமாகிறது. இந்த நாட்டில் வீடு தேடிய இந்தியர் யாருக்கும் 'இந்தியர் வேண்டாம்' என்ற வாசகம் புதிதல்ல. சில நேரம் விளம்பரத்திலேயே இருக்கும். சில நேரம் போனில் பெயரைச் சொன்னதும் "இப்பதான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்று வரும். நம் பிள்ளைகள் கோலாலம்பூரில் அதைக் கேட்டுவிட்டு வந்து வயிறெரிந்து சொல்கிறார்கள். அதே வீட்டு அப்பா ஜித்ராவில் தன் வீட்டுக்கு ஆள் பார்க்கும்போது, தனியாக இருக்கும் பெண் வேண்டாம், விவாகரத்தானவர் வேண்டாம், பையன்கள் சேர்ந்து எடுத்தால் வேண்டாம், வேற்று இனத்தவர் வேண்டாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். சாமி மேடை இருந்த அறையில் என்ன செய்வார்களோ என்ற அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட வாடகை வருமா என்பதற்குப் பதில் தராது.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டா என்றால், தனியார் விஷயத்தில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 8ஆவது விதி பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அரசியலமைப்பு தரும் உரிமைகளை அரசாங்கத்துக்கு எதிராகத்தான் கேட்க முடியும், தனியார் ஒப்பந்தத்தில் அல்ல என்ற நிலையை 2005இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் எடுத்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் கருவுற்றதற்காக வேலையை இழந்த வழக்கு அது. வாடகைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் வேலியில் தொங்கும் போர்டுவரை அதன் நிழல் நீள்கிறது.

அப்படியானால் பார்க்க வேண்டியது தாள். எந்தத் தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கணினியில் யாரும் அடித்துக்கொண்டு வரலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கு அப்படியல்ல. வந்தவர் தன் கைப்பேசியில் சேமநிதிச் செயலியைத் திறந்து, கடைசி ஆறு மாதச் சந்தாவைக் காட்டினால் போதும். தொழிலாளி பங்கு 11 சதவீதம் என்பது தெரிந்த கணக்கு. அதை வைத்துச் சம்பளம் எவ்வளவு என்று திரும்பக் கணக்குப் போட்டுவிடலாம். முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா, வேலை மாறிக்கொண்டே இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். அப்புறம் முன்பிருந்த வீட்டுக்காரரின் எண் வாங்கி ஒரு போன். இப்போதைய வீட்டுக்காரர் தொல்லை தீர்ந்தால் போதும் என்று நல்ல சான்றிதழ் கொடுத்துவிடக்கூடும். அதற்கு முந்தையவர் உண்மை பேசுவார்.

சிடிஓஎஸ் போன்ற கடன் தகவல் அறிக்கையைக் கேட்கும் வழக்கமும் வந்திருக்கிறது. அதை அவர் சம்மதத்துடன், முடிந்தால் அவரையே எடுத்துக்கொண்டு வரச் சொல்வதுதான் முறை. வங்கிக் கடன் பாக்கியும் வழக்குகளும் அதில் தெரியும். ஆனால் தோட்டத்திலிருந்து வெளியே வந்து, ஒருபோதும் கடன் அட்டை வாங்காத ஒரு பையனின் அறிக்கை வெறுமையாக இருக்கும். கடன் வாங்காமல் வாழ்ந்த பையனை அதற்காகத் திருப்பி அனுப்பினால் அதைவிட அநியாயம் வேறில்லை. ஐ.சி. நகல் கொடுக்கும்போது சிலர் அதன் குறுக்கே இரு கோடு போட்டு, 'வாடகைக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்கிறவரைக் கண்டு வீட்டுக்காரர் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தன் காகிதத்தைப் பாதுகாக்கிறவர் வீட்டையும் பாதுகாப்பார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வந்தவர் பக்கமிருந்தும் கணக்கைப் பார்க்க வேண்டும். அறுநூறு வெள்ளி வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம் 1,200, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 300, முதல் மாத வாடகை 600. சாவி வாங்கும் நாளில் 2,100 வெள்ளி கையில் வேண்டும். 2025 முதல் குறைந்தபட்ச சம்பளமே 1,700 வெள்ளிதான். மாதா மாதம் ஒழுங்காகக் கட்டக்கூடிய குடும்பம்கூட அந்த முதல் நாளில் தடுக்கி விழலாம். வீட்டுக்காரருக்கோ அந்த முன்பணம் மூன்று மாதப் பாக்கியையும் ஒரு மின்கட்டணப் பாக்கியையும் தாங்காது. இருவருக்கும் போதாத தொகை என்பதுதான் இதில் வேடிக்கை.

மின்கட்டணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறது? "நம்ப பேர்லயே இருக்கட்டும், டெபாசிட் வேற கட்டணுமே" என்று இருதரப்பும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள் கணினிகளை அடுக்கி, மீட்டரைத் தாண்டிக் கம்பி இழுத்து பிட்காயின் எடுக்கும் கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை இப்படி 13,827 இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன, தெனாகா நேஷனல் மின் நிறுவனத்துக்கு இழப்பு 460 கோடி வெள்ளி என்று அரசாங்கம் தெரிவித்தது. வீட்டுக்குள் யார் இருந்தாலும், இழப்புக்கான கோரிக்கை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் முதலில் வரும். ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, வாடகை கூடவே தருகிறேன், வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படக் கூடாது. மின்கணக்கை அவர் பெயருக்கு மாற்றச் சொன்னாலே அப்படிப்பட்டவர் நழுவிவிடுவார். நூறு கேள்வியைவிட இந்த ஒன்று வேலை செய்யும்.

எல்லை அருகில் இருப்பதால் இன்னொரு தலைவலி. குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவின்படி, அனுமதி இல்லாத வெளிநாட்டவரைத் தங்க விட்டால், பிடிபடும் ஒவ்வொருவருக்கும் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், பன்னிரண்டு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி ஒன்று தொழிலாளர்களுக்காக வீட்டை மொத்தமாக எடுத்தால், 2020 ஜூன் முதல் அந்தக் கம்பெனி தங்குமிடச் சான்றிதழும் தொழிலாளர் இலாகாவிடமிருந்து வாங்கியாக வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதில் வீட்டுக்காரர் ஏறக்குறைய அரசாங்க அதிகாரியின் வேலையைச் செய்கிறார், சம்பளம் இல்லாமல். இங்கிலாந்திலும் இப்படித்தான் வீட்டுக்காரர்களைப் பாஸ்போர்ட் பார்க்க வைத்தார்கள். அதனால் நாட்டையும் இனத்தையும் பார்த்து ஆட்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அரசாங்கம் வென்றுவிட்டது என்பது வேறு கதை. பயத்தைச் சட்டமாக்கினால் அது முகத்தின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கும்.

இவ்வளவு பயப்படுகிறவர்கள் ஒப்பந்தத்தில் காட்டும் அலட்சியம் எனக்குப் புரியவே இல்லை. புத்தகக் கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அறுநூறு வெள்ளி வாடகை, ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி வீதம் அந்த வரி முப்பது வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஒரு கோழியும் அரைக் கிலோ மீனும் வாங்கும் காசு. குலம் விசாரிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இதற்கு அதுகூட ஆகாது.

தமிழ்நாட்டிலும் இதே தலைவலிதான். அங்கே 2017இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றார்கள். இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு சந்தும் வைத்தார்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னையில் அந்தச் சந்து வழியாக என்னவெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மலேசியாவில் குடியிருப்பு வாடகைச் சட்டம் என்று தனியாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு 2018–2025 தேசிய வீடமைப்புக் கொள்கையிலேயே இருந்தது. வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பல ஆண்டுகளாக அதைப் பேசி வருகிறது. முன்பணத்தை வீட்டுக்காரர் கையில் விடாமல் மூன்றாவது தரப்பிடம் வைப்பதும் அப்போது பேசப்பட்ட யோசனைகளில் ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் முன்பணத்தை ஏதாவது ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவந்தாக வேண்டும்.

நான் இதைச் சொன்னதும் கிராணி ஐயா முதலில் தலையாட்டினார். சண்டை குறையும், நல்லதுதான் என்றார். பிறகு, இப்போதிருக்கும் வாடகைக்காரர் கொடுத்த 1,200 வெள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையலறைக் கூரையைப் பார்த்தார். புது ஜிங்க் தகடு போட்டிருந்தார்கள்.

"அதுல போட்டுட்டேன். அவங்க போகும்போது பாத்துக்கலாம்."