புதுக் கடல்மீனுக்கு ஒரு மாதத் தனித்தொட்டி

கடல்மீன் தொட்டிக்குள் நோய் பெரும்பாலும் புதிதாக வாங்கிவந்த மீனோடுதான் நுழைகிறது. கடைகளில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களோ, கோமாளி மீன் போன்ற சில வகைகள் நீங்கலாக, இன்றும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை போன்ற நாடுகளின் பவளப்பாறைகளில் பிடிக்கப்படுபவையே. பிடித்தவர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடைக்காரர் என்று கைமாறும் ஒவ்வோரிடத்திலும் அந்த மீன் வேறு பல மீன்களோடு ஒரே தண்ணீரில் நிற்கிறது. கடலில் ஒட்டுண்ணியால் மீன் சாவது அரிது; பரந்த தண்ணீரில் ஒட்டுண்ணியின் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீனைக் காணாமலேயே அழிந்துபோகும். 200 லிட்டர் தொட்டியில் அவற்றுக்கு அந்தச் சிரமம் இல்லை. அதனால்தான் புது மீனைக் காட்சித் தொட்டியில் விடுமுன் ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்து மருந்து தரவேண்டும்.

ஒட்டுண்ணி நோய்களுள் பரவலானது வெண்புள்ளி நோய். இறால் பண்ணைக்காரர்களை நடுங்கவைக்கும் வெண்புள்ளி வேறு, அது வைரஸ். மீனுக்கு வருவது 1951இல் கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்று பெயரிடப்பட்ட ஒருசெல் உயிரி. உப்புத்தூள் தூவியதுபோல உடலிலும் துடுப்பிலும் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் ஓர் ஒட்டுண்ணி தோலுக்குள் புதைந்து தின்றுகொண்டிருக்கிறது. மூன்று முதல் ஏழு நாட்களில் அது கொழுத்து, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனைவிட்டு உதிர்ந்து மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகி, பிறகு நீந்தும் குஞ்சுகளாக வெளியே வருகிறது. அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் சாவுதான்.

மருந்து வேலை செய்வது இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டுமே. மீனின் தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் வழக்கமான மருந்தான காப்பர் (தாமிரம்) தொடாது. அதனால்தான் புள்ளிகள் மறைந்ததைப் பார்த்து மருந்தை நிறுத்துவது பெரிய தவறாகிறது. புள்ளி மறைந்தால் ஒட்டுண்ணி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள். கூடுகள் எல்லாம் ஒரே நாளில் பொரிவதும் இல்லை. சில மூன்றாம் நாளே பொரியும், சில வாரக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே தண்ணீரில் மருந்தின் அளவு ஒருநாள்கூடக் குறையாமல் 30 நாள் நிற்கவேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே நிலைபெற்ற வழக்கம்.

சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தில் ராபர்ட் டெம்ப்ஸ்டர் 1950களில் காப்பர் சல்பேட்டைக் கொண்டு ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்தி எழுதினார். இன்றும் காப்பர்தான் முதல் மருந்து. ஆனால் கடையில் கிடைப்பது இரண்டு வகை. வெறும் அயனி வடிவக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். வேறொரு சேர்மத்தோடு பிணைத்து வரும் காப்பர் என்றால் ஏறக்குறைய 2 முதல் 2.5 மில்லிகிராம். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும். புட்டியில் என்ன வகை என்று பார்த்து, சில நாட்களில் படிப்படியாக அளவை ஏற்றி, சோதனைக் கருவியால் நாள்தோறும் அளக்கவேண்டும். வண்ணத்தைக் கண்ணால் ஒப்பிடும் சோதனைகளைவிட எண்ணாகக் காட்டும் மின்னணுக் கருவியே நம்பகமானது. இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்ப்பது வீண்.

காப்பரைக் காட்சித் தொட்டியில் ஊற்றவே கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். பவளமணலும் பாறையும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. தனித்தொட்டி வெறுமையாக இருப்பது இதனால்தான்: கண்ணாடித் தரை, மணல் கிடையாது, மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், காற்றுக்கல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மருந்தை இழுத்துவிடும் என்பதால் கரி போடுவதில்லை. நடைமுறையில் தனித்தொட்டியில் மீன் சாவதற்கு மருந்தைவிட அமோனியாவே அதிகக் காரணம். ஸ்பாஞ்சை சில வாரம் முன்பே நோயற்ற தொட்டியில் போட்டு நுண்ணுயிர் வளரவிட்டு எடுத்தால் பாதிக் கவலை தீரும். அமோனியாவை முறிக்கும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கக்கூடாது. சில வகைகள் காப்பரை மீனுக்கே நஞ்சாக்கிவிடும்.

எல்லா நோயும் நாள் கொடுப்பதில்லை. வெல்வெட் எனப்படும் அமைலோடினியம் முதலில் செவுளைத்தான் பிடிக்கிறது. புள்ளி தெரிவதற்கு முன்பே மீன் செத்துப்போகலாம். வெளிச்சத்துக்கு ஒதுங்குவது, பம்ப் நீரோட்டத்துக்கு முகம்கொடுத்தே நிற்பது, வேகவேகமாகச் செவுளை அடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்கும் காப்பர் கேட்கும். நுண்துளிகள் வழியே காற்றில் 3 மீட்டர்வரை பரவக்கூடியது என்பதால் தனித்தொட்டியை அதைவிடத் தள்ளி வைப்பதும், வலை, வாளி எல்லாம் தனியாக வைத்துக்கொள்வதும் நல்லது. கோமாளி மீன்களை அதிகம் தாக்கும் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயில் தோலிலிருந்து சளி படலம் படலமாக உரியும். அதற்குக் காப்பர் கேட்காது, ஃபார்மலின்தான்.

செவுளிலும் கண்ணிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குளோரின் நீக்கிய நன்னீரை, தொட்டியின் வெப்பநிலைக்கும் அமிலகாரத் தன்மைக்கும் சமமாக்கி, கறுப்பு நிற டப்பாவில் நிரப்பி மீனை ஐந்து நிமிடம் விட்டால், அதுவரை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்த புழுக்கள் வெளுத்து அடியில் விழும். மருந்து பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது. முட்டை பொரிந்தபின் பிடிக்க ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி ஒருமுறை தரவேண்டும்.

காப்பர் தாங்காத மீன்களுக்கு வெண்புள்ளி நோயில் வேறு வழிகள் உள்ளன. மலேரியாவுக்குத் தரப்படும் குளோரோகுயின் ஒன்று. ஆனால் தண்ணீரில் அதன் அளவை வீட்டில் சோதிக்க வழியில்லை. தண்ணீரின் உப்பை 15 பிபிடி (ஆயிரத்தில் 15 பங்கு) அளவுக்கும் கீழே இறக்குவது இன்னொன்று. மருந்தே இல்லாத மற்றொரு முறை தொட்டி மாற்றுவது: 72 மணிநேரத்துக்கு ஒருமுறை, உலர்ந்த சுத்தமான வேறொரு தொட்டியில் புது உப்புநீர் நிரப்பி மீனை மாற்றி, நான்கு மாற்றங்களில் உதிர்ந்த கூடுகளை எல்லாம் பின்னே விட்டுவிடுவது. வெல்வெட்டுக்கு இது உதவாது.

காட்சித் தொட்டியில் ஏற்கெனவே நோய் புகுந்திருந்தால், எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு எடுத்துவிட்டு அதை மீனின்றி ஓடவிடவேண்டும். பொரிப்புக் காலம் 72 நாள்வரை நீண்டதாகப் பதிவு உண்டு; சற்றே கூட்டி 76 நாள் என்று வளர்ப்பவர்கள் கணக்கு வைக்கிறார்கள். பவளம், நத்தை, இறால் ஆகியவற்றுக்கு இந்த நோய் வராது. ஆனாலும் அவற்றின் ஓட்டில் கூடு ஒட்டிவரலாம் என்பதால், புதிதாக வாங்கும்போது அவற்றையும் மீனில்லாத தொட்டியில் அதே 76 நாள் வைத்த பிறகே காட்சித் தொட்டிக்கு மாற்றுகிறார்கள்.