இற்றைப்படுத்தலுக்குப் பின் சுட்டி இயங்காமை

இற்றைப்படுத்தலுக்குப் பின் சுட்டி இயங்காமை என்பது இயங்குதளத்தில் புதிய மாற்றங்களை நிறுவியபின் கணினிச் சுட்டி செயலிழக்கும் சிக்கல் ஆகும். சுட்டியை இயங்குதளத்துடன் இணைக்கும் இயக்கி என்னும் மென்பொருள் மாறுவதோ பழுதடைவதோ இதற்குப் பொதுவான காரணமாகும்.

தீர்வுகள்

முதலில் சுட்டியை வேறொரு கணினியில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அங்கு இயங்கினால் பழுது சுட்டியில் இல்லை எனலாம். பின்னர் விசைப்பலகையின் துணையுடன் விண்டோஸ் சாதன மேலாளரைத் திறந்து, இயக்கியை முந்தைய பதிப்புக்கு மாற்றலாம். அல்லது சுட்டியின் பதிவை நீக்கிக் கணினியை மீளத் தொடக்கலாம். அப்போது விண்டோஸ் இயக்கியைத் தானே நிறுவிக்கொள்ளும்.

2025 நிகழ்வு

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 11 இற்றைப்படுத்தலுக்குப் பின், கணினி தொடங்காதபோது பழுதுபார்க்க உதவும் மீட்புச் சூழலில் யூ.எஸ்.பி சுட்டிகளும் விசைப்பலகைகளும் இயங்கவில்லை. வழக்கமான பயன்பாட்டில் அவை இயங்கியதால் பழுது வெளித்தெரியவில்லை. மீட்புச் சூழலை நாடியவர்களே அதனை உணர்ந்தனர். தொடுதிரையும் பழைய பிஎஸ்/2 வகைச் சுட்டியும் அப்போது கைகொடுத்தன. அக்டோபர் 20 அன்று திருத்தம் வெளியானது. எனினும், தொடங்காத கணினியில் திருத்தத்தை வழக்கம்போல் நிறுவ இயலாது. எனவே யூ.எஸ்.பி மீட்பு வட்டு ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி வைத்தல் நன்று.