மஜ்ஜையில் தண்ணீர் நகரும் தூரம்

மல்டிபிள் மைலோமா ரத்தப் புற்றுநோய்களில் ஒன்று. ஆனால் அது குடியிருக்கும் இடம் எலும்பு. நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கவேண்டிய பிளாஸ்மா செல்கள் மஜ்ஜைக்குள் கட்டுமீறிப் பெருகுகின்றன. ரத்த அணுக்கள் பிறக்கும் இடத்தை அவை அடைத்துக்கொள்வதால் சோகை வருகிறது. சுற்றியுள்ள எலும்பை அரிப்பதால் வலியும் முறிவும் வருகின்றன. அவை சுரக்கும் பயனற்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் இந்நோயின் முதல் அடையாளம் பல பேருக்கு முதுகுவலிதான். வடசென்னையில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் காசிமேட்டில் மீன்கூடை தூக்கியவரும் தொழிற்சாலையில் குனிந்து நிமிர்ந்தவரும் முதுகுவலியை வேலை கொடுத்த கூலியாகவே எடுத்துக்கொள்வது இயல்பு. தைலமும் வலி மாத்திரையுமாக மாதங்கள் போய்விடும். வலியோடு சோகையும் தீராத களைப்பும் சேர்ந்தால், அந்த முதுகை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானதும் போர்ட்டிசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. உடல்நிலை இடம்கொடுத்தால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைச் சேமித்து மீண்டும் ஏற்றும் சிகிச்சையும் நடக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று ரத்தமும் சிறுநீரும் முதலில் சொல்லும்: நோய்ச் செல்கள் சுரக்கும் புரதத்தின் அளவு குறைந்துகொண்டே வரவேண்டும். இந்தச் சோதனைகள் நோய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எங்கே இருக்கிறது என்று சொல்லாது. சிலருடைய நோய்ச் செல்கள் அளக்கத்தக்க புரதத்தைச் சுரப்பதே இல்லை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கும் மஜ்ஜையும் அந்த ஓரிடத்தின் செய்திதான். மைலோமாவோ எலும்புக்கூடு முழுக்கத் திட்டுத்திட்டாகப் பரவும் நோய். ஊசி இறங்கிய இடம் சுத்தமாக இருக்க, நாலு விரல்கடை தள்ளி நோய் இருக்கலாம்.

எக்ஸ்ரே இதில் பெரிதாக உதவாது. எலும்பின் தாதுப்பொருளில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே அதில் ஓட்டை தெரியும். நோய் அடங்கிய பிறகும் அந்த ஓட்டை லேசில் தூராது, ஏனென்றால் எலும்பைக் கட்டும் செல்களையும் இந்நோய் முடக்கிவிடுகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஒன்றுபோலவே இருந்தால் மருந்து தோற்றது என்று பொருளல்ல. மஜ்ஜையையே நேராகப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. இங்கேதான் தேவைப்படுகிறது.

எம்.ஆர்.ஐ. படம்பிடிப்பது தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் அதிகம். அதன் கம்பிச்சுருள்கள் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. அந்தக் குளிரில் கம்பியில் மின்தடையே இல்லாததால் காந்தம் இரவும் பகலும் அணைவதில்லை. உள்ளே படுத்தவரின் உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களில் பத்து லட்சத்துக்கு ஒரு சில மட்டும் கூடுதலாகக் காந்தத்தின் திசையில் சாய்கின்றன. பண்பலை வானொலிக்குச் சற்றுக் கீழே, 64 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலை அவற்றைத் தட்டிவிடும். பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை எழுப்பும் மெல்லிய எதிரொலியே படமாகிறது. புற்றுநோய்த் திசுவின் எதிரொலி வேறுபடுவதை ரேமண்ட் டமாடியன் 1971-ல் காட்டினார். அந்த எதிரொலியைப் படமாக்கும் வழியைக் கண்ட பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நலமான முதிர்ந்த மஜ்ஜையில் கொழுப்பு நிறைய உண்டு. ‘டி1’ வகைப் படத்தில் கொழுப்பு வெளிச்சமாகத் தெரியும். நோய்ச் செல்கள் கொழுப்பைத் தள்ளிவிட்டு அடைத்துக்கொண்ட இடம் கறுக்கும். முதுகெலும்பில் இதைக் கணிக்க அருகிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு. வட்டைவிட எலும்பு கறுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் கொழுப்பு திரும்பி வெளிச்சம் வந்தால் அது நல்ல அடையாளம்.

இதைவிட நுட்பமானது, தண்ணீர் மூலக்கூறு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை அளப்பது. டிஃப்யூஷன் என்று ஸ்கேன் மையங்களில் சொல்வது இதைத்தான். தடையில்லாத தண்ணீரில், உடல் வெப்பத்தில், ஒரு மூலக்கூறு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு திசையில் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நகரும். ஒரு பிளாஸ்மா செல்லின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தண்ணீர் எங்கே போனாலும் ஒரு சுவரில் முட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஒட்டி நிற்கையில், நடுவே ஒரு சின்ன ஃபைபர் படகு நுழைந்து போவதே பாடு. தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் அதே படகு தாராளமாக ஓடும். மருந்தில் நோய்ச் செல்கள் மடிந்ததும் மஜ்ஜையில் நடப்பது இதுதான்: சுவர்கள் குறைகின்றன, தண்ணீர் நகரும் தூரம் கூடுகிறது. ஓட்டை தூராவிட்டாலும், கட்டியின் அளவு குறையாவிட்டாலும், இந்த எண் மாறிவிடும்.

இதற்கு ஊசிவழிச் சாயம் தேவையில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கும் மைலோமா நோயாளிகளுக்கு இது பெரிய நன்மை. கதிர்வீச்சும் இல்லாததால் திரும்பத் திரும்ப எடுக்கலாம். தலை முதல் தொடைவரை டிஃப்யூஷன் எடுக்கும் முறையை ஜப்பானில் டகஹாராவின் குழு 2004-ல் வெளியிட்டது. 2019-ல் மை-ராட்ஸ் என்ற பொது விதிமுறை வந்தது. அதன்படி தண்ணீர் நகர்வின் அளவு நொடிக்குச் சுமார் 700 முதல் 1400 சதுர மைக்ரோமீட்டர் வரை இருந்தால் நோய் உயிர்ப்புடன் இருக்கிறது எனக் கருதலாம். சிகிச்சைக்குப் பின் 1400-ஐத் தாண்டினாலோ, புண்ணுக்குள் கொழுப்பு திரும்பினாலோ மருந்து பலித்திருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு: 1 என்றால் பலன் உறுதிக்கு அருகில், 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் நோய் முற்றுகிறது. ஒரே நோயாளியிடம் இடுப்பில் 1, தோளில் 4 என்று வருவதும் உண்டு. ரத்தச் சோதனையின் ஒற்றை எண்ணுக்குள் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பினால் தவறிவிட வாய்ப்பிருக்கிறது. செல்கள் மடிந்த இடத்தில் பின்னர் கொழுப்பு நிரம்பும்போது, ஏறிய அளவு மறுபடி இறங்கும். அந்த இறக்கம் நோய் திரும்பியதல்ல, குணமாவது. அதனால் கொழுப்பைத் தனியே காட்டும் படத்தையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசியும் கடும் சோகையும் மஜ்ஜையைச் சுறுசுறுப்பாக்கி, நோய் பரவியது போன்ற தோற்றத்தைத் தரலாம். சிகிச்சை முடிந்த புதிதில், அடங்கிவிட்ட புண்ணும் எம்.ஆர்.ஐ.யில் சில காலம் தெரிந்துகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் பெட்-சி.டி. என்ற வேறு வகை ஸ்கேன் விரைவாகத் தெளிவு தரும். மற்ற ரத்தப் புற்றுநோய்களில் நிலைமை வேறு. லிம்போமாவில் பலனை அளக்கும் முதன்மைக் கருவியும் பெட்-சி.டி.தான். லுக்கிமியாவில் ரத்தமும் மஜ்ஜையும் போதும், எம்.ஆர்.ஐ. அபூர்வமாகவே வேண்டியிருக்கும்.

வடசென்னையின் பெரிய அரசு மருத்துவமனை பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி. 1782-ல் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியகாரர் சத்திரத்தின் வழிவந்தது என்பதால் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் அதற்கு வெகுகாலம் நிலைத்தது. 1938-ல் அது மருத்துவக் கல்லூரியானது. அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. முழுவுடல் ஸ்கேனுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். விபத்தில் அடிபட்டவரும் பக்கவாதம் கண்டவரும் காத்திருக்கும் இடத்தில் அது நீண்ட நேரம். முழுவுடலுக்கு வழியில்லாதபோது முதுகெலும்பையும் இடுப்பையும் மட்டும் எடுக்கலாம் எனப் பன்னாட்டு மைலோமா குழு ஏற்கிறது. பெரியவர்களின் ரத்தம் ஊறும் மஜ்ஜையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் தாலி, மெட்டி, தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றப்படும். வடசென்னையில் இன்னொரு கேள்வி மிக அவசியம்: வெல்டிங் அல்லது கிரைண்டிங் வேலை செய்ததுண்டா? எப்போதோ கண்ணில் தெறித்துத் தங்கிய இரும்புத்துகள் காந்தத்தில் அசைந்தால் பார்வை போகலாம். ஐயம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்த ஓர் இளைஞர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

பலனை அளப்பது ஒப்பிடுவதால்தான் நடக்கிறது. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த முதல் ஸ்கேன்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கூடுமானவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் அடுத்ததும் எடுக்க வேண்டும். அச்சிட்ட ஃபிலிமில் தண்ணீர் நகர்வை அளக்க முடியாது என்பதால் படங்கள் பதிந்த சி.டி. தட்டைப் பத்திரப்படுத்துவது நோயாளி வீட்டாரின் வேலை. அடுத்த ஸ்கேன் எப்போது என்பதை மருந்தின் சுற்றுகளை வைத்து மருத்துவர் முடிவுசெய்வார். ஒரு நிலையில் மட்டும் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது: கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் கட்டினாலோ, கட்டி தண்டுவடத்தை நெரிக்கிறது என்று கருதி அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.