உங்களுக்குத் தெரியுமா? நெளியும் பொய் அட்டை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கம்லூப்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஏரிகளில் வாழும் டிரவுட் மீன்களுக்கு அட்டை நல்ல இரை. அதைப் போலவே தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கொண்டு கட்டும் பொய் இரைதான் 'லீச் ஃப்ளை'. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் போதும். வாலுக்கு மரபூ இறகு. முதலில் மரபூ நாரையின் தூவி. இன்று அந்தப் பெயரில் கிடைப்பது வான்கோழித் தூவி. கையில் பஞ்சாகப் பொங்கி நிற்கும் அது, நனைந்ததும் ஒடுங்கி, நீரின் சிறு அசைவுக்கும் நெளியும். உயிருள்ள அட்டை மேலும் கீழுமாக உடலை அலையவிட்டு நீந்துவதால், இந்த நெளிவுதான் ஃப்ளைக்கு உயிர்.

அமெரிக்கரான ஜெரி மெக்பிரைட் உருவாக்கிய 'பேலன்ஸ்டு லீச்' அருமையான யோசனை. கண் மேல்நோக்கி வளைந்த ஜிக் முள்ளின் தண்டோடு ஒரு குண்டூசியை வைத்துக் கட்டுகிறார்கள். ஊசியில் கோத்த டங்ஸ்டன் மணி, முள்ளின் கண்ணைத் தாண்டி முன்னால் நிற்கும். மணியின் எடை பின்பக்கத்தைச் சமன்செய்வதால், மிதவைக்குக் கீழே ஃப்ளை செங்குத்தாகத் தொங்காமல் கிடைமட்டமாக மிதக்கும். சிற்றலை மிதவையை ஆட்டும்போதெல்லாம் அதுவும் ஏறி இறங்கும். நரம்பை இழுக்கவே தேவையில்லை. அட்டைகள் மங்கிய ஒளியில் அதிகம் நடமாடுவதால் விடிகாலையும் அந்தியும் ஏற்ற வேளை.