உஷார்! ராத்திரியில் இறங்கும் தங்கூஸ் வலை

அயர்லாந்தில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் ஆட்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். கடலோர ஊரில் யாராவது கார் டிக்கியைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் பளபளக்கும் மீனைக் காட்டி, கடை விலையில் பாதிக்குத் தருகிறேன், கையில் காசாகக் கொடுத்தால் போதும் என்று பேசினால் வாங்காதீர்கள். மீன் கெட்டுப்போயிருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு விடியற்காலை பிடித்ததாகத்தான் இருக்கும். வில்லங்கமே அதில்தான்.

அந்த மீன் சீபாஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம்மூர் கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்துப் படகுகள் இதை வியாபாரத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று 1990இல் தடை வந்தது. இன்றும் அமலில் இருக்கிறது. தூண்டில்காரர் தன் வீட்டுச் சமையலுக்கு ஒன்றிரண்டு எடுத்துப் போகலாம், விற்கக் கூடாது. அப்படியானால் டப்ளின் ஓட்டல் மெனுக்களில் சீபாஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிரீஸ், துருக்கிப் பண்ணைகளிலிருந்து. ஆளுக்கொரு மீன் என்று தட்டில் வைக்கத் தோதாக எல்லாம் ஒரே சைஸில் இருக்கும். பிரான்ஸ், இங்கிலாந்தில் உரிமம் பெற்ற படகுகள் பிடித்ததும் கொஞ்சம் வரும். அதோடு காகிதமும் கூடவே வரும். மூன்று கிலோ எடையில், காகிதம் எதுவும் இல்லாமல், டிக்கியில் வருகிற சீபாஸை மட்டும் திருட்டு மீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீனுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். வெக்ஸ்ஃபோர்டு, வாட்டர்ஃபோர்டு, கார்க், கெர்ரி மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் போய்க் கேட்டுப் பாருங்கள். இந்த மீனைத் தேடித்தான் இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். கெர்ரியில் இன்ச் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் அலைக்குள் நின்று தூண்டில் வீசுவதற்காகவே விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. விடிகாலையில் வழிகாட்டி கூட்டிப் போவார். மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு தூக்கி, அளவு எடுத்து, ஒரு போட்டோ, அரை நிமிடத்துக்குள் திரும்பக் கடலில். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அறை வாடகை, வழிகாட்டிக்குக் கூலி, சாயங்காலம் பப்பில் சாப்பாடு, வாடகைக் கார், தூண்டில் கடையில் பில் எல்லாம். பள்ளி விடுமுறை முடிந்து மற்ற பயணிகள் கிளம்பிவிட்ட செப்டம்பர், அக்டோபரிலும் இவர்கள் வருவதுதான் சின்ன ஊர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆறு, ஏரி, கடல் என்று எல்லாத் தூண்டில் மீன்பிடிப்பும் சேர்ந்து 2012இல் அயர்லாந்துப் பொருளாதாரத்துக்குக் கொடுத்தது சுமார் 75.5 கோடி யூரோ என்று அந்நாட்டு அரசின் மீன்வள அமைப்பான இன்லாண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்து எடுத்த கணக்கு சொல்கிறது.

கடலில் திரும்ப விட்ட மீன் மறுபடி மாட்டும். இன்னொருவர் காசு கொடுத்து வந்து பிடிப்பார். வலைக்காரர் அதே மீனைக் கிலோக் கணக்கில் ஒரே ஒருமுறை விற்கிறார். கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிற வியாபாரம்தான் இது. அதிலும் மாடு அவருடையது இல்லை.

இந்த மீனின் ஜாதகம் அப்படி. அயர்லாந்து, சீபாஸ் வாழும் பரப்பின் வடக்கு ஓரம். தண்ணீர் குளிர்ச்சி என்பதால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். 1972இல் கென்னடி, ஃபிட்ஸ்மாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அயர்லாந்துக் கடலின் சீபாஸைப் பற்றி விரிவாக எழுதியபோதே இந்த மந்த வளர்ச்சியையும், தாமதமாகச் சினைக்கு வருவதையும் பதிவு செய்துவிட்டார்கள். 42 செ.மீ. நீளத்தை எட்டவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஐந்து கிலோ மீனைப் பிடித்தால் அதற்குப் பதினைந்து வயதுக்குமேல் இருக்கலாம். சரி, குஞ்சாவது வருஷாவருஷம் ஒழுங்காகப் பிழைக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. வசந்தகாலம் கதகதப்பாக அமைந்த ஆண்டில் குஞ்சுகள் தேறும். குளிரான ஆண்டுகளில் அநேகமாகப் பொய்த்துவிடும். 2008க்குப் பிறகு அடுத்தடுத்துச் சில ஆண்டுகள் அப்படிப் பொய்த்ததும் ஒரு காரணமாக, வடகிழக்கு அட்லாண்டிக்கில் இந்த மீன் சரிந்தது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அவசரமாகத் தலையிட்டு, குளிர்காலத்தில் முட்டையிடக் கூடும் கூட்டங்களை இழுவலைகள் அள்ளுவதை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் குறைந்தபட்ச அளவை 36இலிருந்து 42 செ.மீ. ஆக்கியது.

இதைவிடப் பயமுறுத்துகிற தகவல் இன்னொன்று இருக்கிறது. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் சீபாஸ் மீன்களின் உடலில் ஒலிக்கருவி பொருத்தி, கார்க் துறைமுகப் பகுதியில் அவை எங்கே போகின்றன, வருகின்றன என்று கண்காணித்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. கோடை முழுக்க அந்த மீன்கள் சில கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டவில்லை. குளிர்காலத்தில் வெளியே போய்விட்டு, அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. பரந்த கடலில் சுற்றுகிற மீன், இங்கே குறைந்தால் அங்கிருந்து வந்து நிரம்பிவிடும் என்ற நினைப்பை இது உடைக்கிறது. ஒரு கழிமுகத்தில் நாலைந்து ராத்திரி வலை இறங்கினால் அந்தக் கழிமுகத்தின் மீன் போயிற்று. பக்கத்து விரிகுடாவில் மீன் இருக்கலாம். இந்த ஊருக்கு அதனால் என்ன லாபம்? நாடு தழுவிய கையிருப்புக் கணக்கு நன்றாக இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லும்போது நான் காது கொடுப்பதில்லை. கணக்கு சரியாகவே இருக்கட்டும், ஊர் காலியாகியிருக்கும்.

முன்னால் நடந்ததுதான் இது. 1970களில் அயர்லாந்துக் கரையோரம் தங்கூஸ் வலை, அதாவது ஒற்றை நைலான் இழை வலை, பரவியது. பழைய பருத்தி வலை மீனின் கண்ணுக்குத் தெரியும், தங்கூஸ் தெரியாது. தூண்டில் வீசிப் பேர் வாங்கிய கடற்கரைகளில் மீன் அற்றுப்போன பிறகுதான் 1990 தடை வந்தது. பழைய நிலைக்கு அருகில் வரவே பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் சுருக்குமடி, இரட்டைமடி வலைச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் எப்போதும் மீன் போன பிறகுதான் வரும் என்பது புதிதல்ல.

திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அடையாளம் காண உதவும். இருட்டிய பிறகு, ஏற்றம் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன ரப்பர் படகோ, அது இல்லாமல் இடுப்புவரை ரப்பர் காலுடை போட்ட ஒற்றை ஆளோ, கழிமுக வாயில் செவுள் வலையைக் கட்டுவார்கள். ஒரு முனை பாறையில், இன்னொரு முனை நங்கூரத்தில். மிதவை வைத்தால் கண்ணில் படும் என்று மேல்கயிறு தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும்படி விடுவதும் உண்டு. நண்டையும் சின்ன மீனையும் தின்ன ஏற்றத்தோடு மேயவரும் சீபாஸ் நேராகச் செவுளில் மாட்டும். வற்றத்தில் வந்து எடுத்துக்கொண்டு, வெளிச்சம் வருமுன் வண்டி கிளம்பிவிடும். அதே வலையில் ஆற்றுக்கு ஏறப்போகும் சால்மனும் சாகும். மாட்டிக்கொண்டால் மடவைக்குப் போட்டேன் என்பார்கள். மடவைக்கென்று போட்ட வலை சீபாஸை விட்டுவைக்காது, இரண்டு மீனும் ஒரே தண்ணீரில்தான் மேய்கின்றன.

அயர்லாந்துக் கரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு கழிமுகத்திலும் ஒவ்வொரு ராத்திரியும் காவல் போட எந்த அரசாலும் ஆகாது.

தூண்டில்காரர்களே, நீங்களும் யோக்கியம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். போட்டோ போடுகிறீர்களே, பின்னால் கலங்கரை விளக்கமும் மலைமுகடும் தெரிய, ‘இன்று மட்டும் ஒன்பது’ என்று. திருட்டு வலைக்காரருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது. மீனைக் காட்டுங்கள், இடத்தை வெட்டிவிடுங்கள். அளவுகோல் இல்லாமல் கிளம்பாதீர்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 42 செ.மீ.க்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் திரும்ப விட வேண்டியதுதான். மே 15 முதல் ஜூன் 15 வரை சீபாஸுக்குத் தூண்டிலே போடக் கூடாது. அது அயர்லாந்துச் சட்டம். நாளுக்கு இத்தனை, எந்தெந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஐரோப்பிய வரம்பு ஆண்டுக்காண்டு மாறுகிறது. போன வருஷம் நண்பர் சொன்னதை நம்பிப் போகாமல் அந்த வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள். ஊருக்குப் புதுசு, சட்டம் தெரியாது என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. விசாவில் இருக்கிறவர்களுக்கு இப்படியொரு வழக்கு தேவையா என்று நீங்களே யோசியுங்கள்.

ஓட்டல் வைத்திருக்கும் நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்வாசலில் வரும் மீனுக்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வேண்டாம். திருட்டு வலையை ஓட்டுவது வலைக்காரரின் துணிச்சல் இல்லை, பின்வாசலில் எடுத்துக்கொள்ள ஆள் இருப்பதுதான். வாங்குகிறவர் இல்லாவிட்டால் ஒற்றை ஆள் எத்தனை சீபாஸைத் தின்றுவிடப் போகிறார்?

கழிமுகத்தில் சந்தேகமான வலையைப் பார்த்தால் நீங்களே இறங்கி அறுக்கப் போகாதீர்கள். ஏற்றத்தில் தங்கூஸ் காலைச் சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். வலை போனால் சாட்சியமும் போய்விடும். வலைக்காரரோடு வாய்ச்சண்டையும் வேண்டாம். இடம், நேரம், ஏற்றமா வற்றமா, வண்டி நிறுத்தியிருந்தால் நம்பர், இவ்வளவையும் குறித்துக்கொண்டு இன்லாண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்தின் 24 மணி நேரத் தொலைபேசிக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை வீட்டிலிருந்து கிளம்பும்போதே போனில் ஏற்றிவைத்துக்கொள்வது நல்லது. அதிகாரி வருவதற்குள் வலையைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தாலும் புகார் வீணில்லை. திருட்டு வலை பெரும்பாலும் பழகிய இடத்துக்கே திரும்பும். ஒரே கழிமுகத்தைப் பற்றி நாலு பேரிடமிருந்து தகவல் போயிருந்தால், அடுத்த ராத்திரி ஏற்றத்துக்கு எங்கே போய்க் காத்திருப்பது என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.